மனைகள் நிலைத்த ஊர்: தென் பொஹீமியச் சிற்றூர் ஹோலஷோவிட்சேயின் வரலாறும் சூழலும்

1. ஆய்வுப் பொருள்

செக் குடியரசின் தென்பகுதியில், செஸ்கே புத்யெயோவிட்சே நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஹோலஷோவிட்சே. அது தனி ஊராட்சிகூட அல்ல. யான்கோவ் என்னும் ஊராட்சியின் ஓர் உட்பகுதி. குடியிருப்போர் ஏறத்தாழ 140 பேர். அங்கே பெரிய தேவாலயம் இல்லை, கோட்டை இல்லை, பேர்பெற்ற போர்க்களம் இல்லை. அரசனோ அறிஞனோ அங்கே பிறந்ததால் அது புகழ்பெறவில்லை. இருந்தும் 1998இல் ஜப்பானின் கியோட்டோவில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு அந்த ஊர் முழுவதையும் மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஹங்கேரியின் ஹொல்லோக்கோ 1987இலும், சுலோவாக்கியாவின் வ்ல்கோலினெட்ஸ் 1993இலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. நடு ஐரோப்பிய உழவர் ஊர்கள் என்ற வரிசையில் ஹோலஷோவிட்சே அவற்றுக்கு அடுத்து வந்தது.

பயண நூல்கள் இவ்வூரைக் காலம் உறைந்து நின்ற இடமாக வருணிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே குடிகள் ஒரே வீட்டைப் பேணிவந்ததால் பழமை தப்பியது என்ற எண்ணத்தை அவ்வருணனை வாசகர் மனத்தில் விதைத்துவிடுகிறது. ஊரின் வரலாறு அதற்கு நேர்மாறானது. ஹோலஷோவிட்சே குடிகளை இழந்தது ஒருமுறையல்ல, இருமுறை. முதல்முறை கொள்ளைநோயால், இரண்டாம் முறை அரசாணையால். மனிதர்களும் பேச்சுமொழியும் மாறியபோதும் அங்கே மாறாமல் நின்றது மனைக்கட்டு: எந்த வீடு எங்கே, அதன் முன் எவ்வளவு திடல், அதன் பின் எவ்வளவு நிலம் என்று 13ஆம் நூற்றாண்டில் வகுத்த பகுப்பு. ஆகவே இவ்வூரின் தொடர்ச்சியை வம்சங்களில் தேடிப் பயனில்லை, நிலப்பகுப்பில்தான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படித் தேடும்போது, அழகிய வீடுகளைக் கட்டியவர்கள் யார், அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு இவ்வூரின் வரலாற்றை எழுத முடியாது.

2. நிலமும் சுற்றுப்புறமும்

ஹோலஷோவிட்சே புத்யெயோவிட்சே வடிநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில் அமைந்துள்ளது. வடக்கும் கிழக்கும் தாழ்ந்த சமவெளி. பழங்கால ஏரிப் படிவுகளால் ஆன களிமண்ணும் மணலும் கலந்த நிலம். தெற்கே திடீரென எழுவது பிளான்ஸ்கீ லெஸ் மலைக்காடு. அதன் அடித்தளம் கிரானுலைட் என்னும் மிகக் கடினமான பாறை. அம்மலைத்தொகுதியின் உச்சியான க்லெத் 1084 மீட்டர் உயரம் கொண்டது. ஊரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அதன் உச்சியில் 1825இல் எழுப்பிய கல் கோபுரம், மலையேறிக் காட்சி காண்பதற்கென்றே பொஹீமியாவில் கட்டிய கல் கோபுரங்களுள் மிகப் பழையது. அதே மலையில் 1957இல் நிறுவிய வானாய்வகம் பல சிறுகோள்களைக் கண்டறிந்திருக்கிறது. மலைக்காடு 1989 டிசம்பரில் பாதுகாக்கப்பட்ட நிலத்தோற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 212 சதுர கிலோமீட்டர்.

சமவெளியும் மலையும் சந்திக்கும் இந்த விளிம்பில் ஊர் அமைந்ததை வசதி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. சமவெளி தானியங்களுக்கு உரியது. அங்கே ரை என்னும் புல்லரிசி, கோதுமை, ஓட்ஸ் பயிராயின. மலைக்காடு விறகும் கட்டட மரமும் தந்தது. களிமண் பிற்காலத்தில் செங்கல் ஆயிற்று. இவ்வூரின் இன்றைய தோற்றம் முழுக்கச் செங்கலும் சுதையும் சேர்ந்தது என்பதை எண்ணினால், காலடி மண்ணே அதன் கட்டடக்கலைக்கு முதல் காரணம் என்று சொல்லலாம்.

களிமண் நீரைத் தேக்கவும் உதவியது. தென் பொஹீமியாவின் அடையாளமே அதன் மீன் ஏரிகள். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நிலப்பிரபுக்களும் நகரங்களும் மடங்களும் தாழ்நிலங்களில் கரை எழுப்பி நூற்றுக்கணக்கான ஏரிகளை உருவாக்கினர். ஊருக்கு வடகிழக்கே உள்ள டெஹ்தார்ஷ் ஏரி 1479இல் உருவானது. 200 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. வசந்தத்தில் கெண்டைக் குஞ்சுகளை விட்டு, மூன்று நான்கு ஆண்டு வளர்த்து, இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து நீரை மெல்ல வடித்து மீனைத் திரட்டுவது அன்றைய முறை. இன்றும் அதே முறைதான். செக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உரிய பொரித்த கெண்டை இத்தகைய ஏரிகளிலிருந்தே வருகிறது.

சுற்றிலும் உள்ள ஊர்களின் தொடக்கம் ஏறத்தாழ ஒரே காலத்தது. விஷ்ஷீ ப்ரோத் மடம் 1259. ஸ்லாட்டா கொருனா மடம் 1263. செஸ்கே புத்யெயோவிட்சே நகரம் 1265. பிந்திய இரண்டையும் நிறுவியவர் அரசர் இரண்டாம் பிர்ஷெமிசல் ஒட்டகார்; முதலதை நிறுவியவர் ரோஷம்பெர்க் குலத்து வோக். தென் பொஹீமியக் காடுகளில் அரசும் பெருங்குடிகளும் போட்டியிட்டு நிலம் திருத்திக் குடியேற்றிய பத்தாண்டு அது.

3. மடத்து ஊர்

ஹோலஷோவிட்சேயின் பெயர் ஆவணத்தில் முதலில் தென்படும் ஆண்டு 1263. அப்போது அது அரசுக்குரிய ஊர். 1292இல் அரசர் இரண்டாம் வாத்ஸ்லாவ் அதனையும் அருகிலிருந்த வேறு சில ஊர்களையும் விஷ்ஷீ ப்ரோத் சிஸ்டெர்சியன் மடத்துக்குக் கொடையாக அளித்தார். அன்றுமுதல் 1848 வரை, ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு மேலாக, ஊரின் மேலுரிமை ஒரே மடத்திடம் இருந்தது.

மடமோ ஊரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, வல்தாவா ஆற்றின் மேற்பாய்ச்சலில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருந்தது. இந்தத் தொலைவுக்கு ஆய்வாளர்கள் இன்னும் கூடுதல் கவனம் தரலாம் என்பது என் கருத்து. அருகில் மாளிகை கட்டி வாழ்ந்த பிரபு, ஊர் நிலத்தைத் தன் பண்ணையோடு சேர்த்துக்கொள்வதும், மனைகளை இடித்து ஆட்டுப்பட்டி போடுவதும் பொஹீமியாவின் பல பகுதிகளில் நடந்தன. தொலைவில் இருந்த மடத்துக்கு வேண்டியது ஒழுங்காக வந்துசேரும் வரியும் தானியமும். அதற்கு மனைக்கணக்கு மாறாமல் இருப்பதே நன்மை. ஒரு மனைக்கு இவ்வளவு என்று பதிவேட்டில் எழுதியாயிற்று. மனையைப் பிரித்தாலோ சேர்த்தாலோ கணக்குச் சிக்கும். குடிகளும் மரபுவழி உரிமையோடு மனையை வைத்திருந்தனர்: ஆண்டுக்கட்டணம் செலுத்தும்வரை அது மகனுக்குப் போகும், விற்கவும் செய்யலாம், ஆனால் துண்டாட முடியாது. மனைக்கட்டின் நெடும் ஆயுளுக்கு இந்த ஏற்பாடே சட்டப் பின்புலம்.

4. கொள்ளைநோயும் புதுக்குடிகளும்

1520க்கும் 1525க்கும் இடையே கொள்ளைநோய் ஊரை ஏறத்தாழ முழுவதுமாக அழித்தது. பிழைத்தவர் இருவர் மட்டுமே என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் பின்னர் ஒரு நினைவுத் தூண் எழுந்தது.

ஆளற்ற ஊரை மடம் கைவிடவில்லை. பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியப் பகுதிகளிலிருந்தும் குடிகளைக் கொணர்ந்து அமர்த்தியது. 1530 அளவில் எண்ணிக்கை 17 ஆக உயர்ந்தது. சில நூல்கள் இதை மொத்த மக்கள்தொகை என்று எழுதுகின்றன. மடங்களின் நிலப்பதிவேடுகள் வரி செலுத்தும் குடித்தலைவரைத்தான் எண்ணின. பெண்டிரையும் பிள்ளைகளையும் வேலையாட்களையும் எண்ணவில்லை. ஆகவே 17 என்பதைக் குடும்பங்களின் எண்ணிக்கையாகக் கொள்வதே பொருத்தம். அப்படிக் கொண்டால், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஊரின் மனைகளில் பெரும்பகுதி மீண்டும் புகையத் தொடங்கிவிட்டது என்று ஆகிறது.

வந்தவர்கள் ஜெர்மன் பேசியவர்கள். ஆனால் அவர்கள் குடியேறியது செக் குடிகள் விட்டுச்சென்ற அதே மனைகளில். எல்லைக் கற்கள், கிணறுகள், வயல்வரப்புகள், திடலைச் சுற்றிய வரிசை எல்லாம் அப்படியே கிடந்தன. புதிதாக ஊர் அமைக்கும் செலவும் சச்சரவும் இல்லாமல், இருந்த கட்டுக்குள் புதியவர்களைப் பொருத்திவிட்டது மடம். இவ்வூரின் முதல் முறிவு இது. மொழி மாறியது, ஊரின் வரைபடம் மாறவில்லை.

5. திடலும் மனையும்

ஊரின் நடுவே நீள்சதுரமான ஒரு பொதுத் திடல். செக் மக்கள் அதை நாவெஸ் என்பர். நீளம் ஏறத்தாழ 210 மீட்டர், அகலம் 70 மீட்டர். அதைச் சுற்றி 23 உழவர் மனைகள், பெரும்பாலும் இரண்டு நீண்ட பக்கங்களில், தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு மனைக்கும் திடலை நோக்கிய முகப்பு குறுகியது. உட்புறம் மிக நீண்டது. முகப்பைக் குறுக்கியதால் எல்லாக் குடிக்கும் பொதுத்திடலில் நேரடி வாசல் கிடைத்தது. பின்னே செல்லச் செல்ல முற்றம், களஞ்சியம், தோட்டம், அதற்கும் அப்பால் சொந்த வயல்பட்டி என்று ஒரே நேர்கோட்டில் நிலம் நீண்டது. உழவன் தன் வீட்டு முற்றத்திலிருந்து பிறர் நிலத்தில் கால் வைக்காமலே வயலுக்குப் போகலாம்.

ஒரு மனையின் அமைப்பைத் திடலிலிருந்து உள்ளே நடந்து பார்ப்போம். முதலில் தெரிவது இரண்டு முகப்புகள், இடையே வளைவு வாயில் கொண்ட ஒரு மதில். வாயிலில் வண்டி நுழையும் பெரிய கதவு, ஆள் நுழையும் சிறு கதவு. ஒரு முகப்பு குடியிருக்கும் வீட்டினுடையது. மற்றது தானியக் களஞ்சியமோ, முதியோர் வீடோ. குடியிருப்பு மூன்று பகுதிகளால் ஆனது. திடலைப் பார்த்த முன்னறையே கணப்பு உள்ள பெரிய அறை. குடும்பம் உண்பதும் உறங்குவதும் நூற்பதும் அங்கேதான். நடுவில் நடைக்கூடம், அதன் உட்பகுதியில் புகை சூழ்ந்த சமையலறை. திறந்த அடுப்பின் புகை அகன்ற புகைக்கூண்டின் வழியே மேலே போனதால் சுவரெல்லாம் கரி படிந்திருக்கும். செக் மக்கள் அதைக் கறுப்புச் சமையலறை என்றே அழைத்தனர். அதற்கு அப்பால் பொருள் வைக்கும் உள்ளறை. அதே கூரையின் தொடர்ச்சியாகத் தொழுவங்கள். முற்றத்தின் கடைசியில் குறுக்கே நிற்பது போரடிக்கும் களமும் வைக்கோலும் அடங்கிய பெருங்கொட்டில். வைக்கோல் இருக்கும் கட்டடம் குடியிருப்பிலிருந்து ஆகத் தொலைவில் இருப்பது தற்செயல் அல்ல. தீ பிடித்தால் ஊர்வரிசைக்குப் பரவாமல் காக்கும் அறிவு அதில் இருக்கிறது. அதே அச்சத்தால்தான் கொல்லுப்பட்டறையும் வரிசையில் சேராமல் திடலின் நடுவே தனியே நிற்கிறது. திடலில் உள்ள குளம் கால்நடைக்கும் வாத்துக்கும் மட்டுமன்றித் தீயணைக்கவும் உரிய நீர்.

முதியோர் வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வூரின் கட்டடங்களுக்குள் இருக்கும் குடும்ப வாழ்வை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. மனையைத் துண்டாட முடியாது என்பதால் பிள்ளைகளில் ஒருவருக்கே அது போகும். மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும் பங்குத் தொகை கொடுக்கும் கடன் மனையை ஏற்பவன் தலையில் விழும். தந்தை மூப்படைந்ததும் மனையை எழுதிக்கொடுத்துவிட்டு, தாயோடு முற்றத்தின் மறுபக்கத்துச் சிறு வீட்டுக்கு இடம்பெயர்வார். இந்த மாற்றம் வாய்ப்பேச்சில் நடந்ததில்லை. எழுத்து ஒப்பந்தம் உண்டு: ஆண்டுக்கு இத்தனை மரக்கால் தானியம், இவ்வளவு பால், முட்டை, விறகு, தோட்டத்தில் ஒரு பாத்தி, சில இடங்களில் ஒரு பசுவுக்குத் தீனி. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை இதைக் கொடுப்பது மகனின் சட்டக் கடமை. பொஹீமிய உழவர் இலக்கியத்தில் இந்த ஒப்பந்தங்களைச் சுற்றிய மனத்தாங்கல்கள் ஏராளம். ஆனாலும், உழைத்து ஓய்ந்த பெற்றோருக்கு மனையின் முகப்பிலேயே, திடலைப் பார்த்தபடி, மகன் வீட்டுக்கு இணையான அலங்காரத்தோடு ஓர் இடம் ஒதுக்கிய ஏற்பாட்டில் ஒரு மரியாதை இருக்கிறது. ஹோலஷோவிட்சேயின் இரட்டை முகப்புகளை வெறும் கட்டட அழகாகப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

திடலின் மற்றொரு கட்டடம் 1755இல் எழுந்த புனித யான் நெபோமுக்கின் சிற்றாலயம். மணி தொங்கும் சிறு கூண்டும் வளைந்த முகப்பும் கொண்டது. 1393இல் ப்ராகாவில் வல்தாவா ஆற்றில் எறியப்பட்டு இறந்த அந்தக் குரு 1729இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதன் பிறகு பொஹீமியா எங்கும் பாலங்களிலும் திடல்களிலும் அவர் உருவம் பெருகிற்று. அறிவிப்பு வந்து 26 ஆண்டுகளில் இந்தச் சிற்றூரும் தன் பங்குக்கு ஓர் ஆலயம் எழுப்பிக்கொண்டது.

6. சுதையால் எழுதிய முகப்புகள்

மனைக்கட்டு இடைக்காலத்தது, இன்று காணும் சுவர்களோ பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் எழுந்தவை. அதற்கு முன் மரமும் வைக்கோற் கூரையுமே வழக்கம். மாற்றத்துக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. அரசின் தீத்தடுப்பு விதிகள் செங்கல்லையும் ஓட்டையும் வற்புறுத்தின. 1781இல் இரண்டாம் யோசெப் மன்னர் குடிகளின் தனிமனிதத் தளையை அறுத்தார். ஊரை விட்டுச் செல்லவும், விரும்பியவரை மணக்கவும், தொழில் கற்கவும் மடத்தின் அனுமதி தேவையற்றதாயிற்று. உருளைக்கிழங்கும் தீவனப்பயிரும் தரிசு விடும் பழக்கத்தைக் குறைத்தன. 1832இல் நிறைவேறிய புத்யெயோவிட்சே–லின்ஸ் குதிரை இரயில்பாதை, ஐரோப்பியப் பெருநிலப்பரப்பில் முன்னோடியானது, அருகிலிருந்த நகரத்தைப் பெருவணிக வழியில் சேர்த்தது. இறுதியாக 1848இல் கட்டாய உழைப்பு ஒழிந்தது. வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்துக்குத் தர வேண்டியிருந்த ஆளும் எருதும் இனி உழவனுக்கே உரியவை. உபரி கிடைத்தது, அந்த உபரி முகப்பாக எழுந்தது.

தென் பொஹீமிய நாட்டுப்புற பரோக் என்று கலை வரலாற்றாளர் அழைக்கும் பாணி இதுதான். அரண்மனைகளிலும் தேவாலயங்களிலும் பரோக் பாணி ஓய்ந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அது உழவர் வீட்டு முகப்புகளில் மலர்ந்தது. ஊர்க் கொத்தனார்கள் தாம் பார்த்த தேவாலய முகப்புகளையும் மாளிகை வாயில்களையும் மனத்தில் கொண்டு, செவ்வியல் பாணியின் நேர்கோடுகளையும் கலந்து, தமக்கே உரிய ஒன்றை உருவாக்கினர். கூரையின் முக்கோணப் பக்கத்தை மூடி எழும் முகப்புச் சுவர் அலைபோல வளைந்து, சுருள்களில் முடிந்து, உச்சியில் அரைவட்டமாகத் திரள்கிறது. அதன்மேல் சுதையால் பூ, கொடி, இதயம், மணி, கண் போன்ற வடிவங்கள். பல முகப்புகளில் கட்டிய ஆண்டும் எழுதியிருக்கும். வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை எனச் சுண்ணாம்பு வண்ணங்கள். எந்த இரண்டு முகப்பும் ஒன்றுபோல் இல்லை. அளவிலும் உயரத்திலும் வரிசையிலும் எல்லாம் ஒத்துப்போகின்றன, சுதையில் மட்டும் ஒவ்வொரு குடும்பமும் வேறுபடுகிறது. மனைக்கட்டு விதித்த சமத்துவத்துக்குள் தனித்து நிற்க உழவனுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த முக்கோணச் சுவர். அதில் அவன் முழு மனத்தையும் இறக்கிவைத்திருக்கிறான்.

இவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் பரவலாக அறியப்படவில்லை. இவ்வட்டாரத்துக்கு மேற்கே, வோலினே, வ்லாகோவோ ப்ர்ஷெஸீ பகுதிகளில் வேலை செய்த யாகுப் புர்ஸா (1813–1884) என்ற கொத்தனாரின் பெயர் நிலைத்திருக்கிறது. அவர் படிப்பறிவு குறைந்த எளிய தொழிலாளி. இன்று அவர் கட்டிய முகப்புகளை மாணவர்கள் தேடிப்போய் வரைகிறார்கள். அவரைப் போன்ற பலர் இந்தப் பாணியை வளர்த்திருப்பர். அருகிலுள்ள ஸாபோர்ஷி, டோப்சிட்சே, வடக்கே பிளாஸ்தோவிட்சே ஆகிய ஊர்களிலும் இதே மரபைக் காணலாம். ஹோலஷோவிட்சேயின் தனிச்சிறப்பு, ஒரு திடலின் எல்லாப் பக்கமும் அது முழுமையாக எஞ்சியிருப்பதே. செக், ஜெர்மன் என்னும் இரண்டு கட்டட மரபுகள் ஒன்று கலந்ததன் சான்று என்பதையும் யுனெஸ்கோ தன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது.

7. இரண்டாம் முறிவு

1895ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஊரில் ஜெர்மன் வழியினர் 157 பேர், செக் வழியினர் 19 பேர். மொத்தம் 176, பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு ஜெர்மானியர். இத்தகைய எண்களைப் படிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் கேட்கப்பட்ட கேள்வி அன்றாடம் பேசும் மொழி எது என்பதே. மனத்தளவில் தான் யார் என்பதல்ல. திடலில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் பேசியவர்கள் எந்தக் கட்டத்திலும் முழுதாக அடங்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கட்டங்களே பின்னாளில் மனிதரின் விதியை முடிவுசெய்தன.

1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. 1938 மியூனிக் உடன்பாடு அதன் எல்லைப்பகுதிகளை ஹிட்லரின் ஜெர்மனிக்குக் கொடுத்தது. 1939 மார்ச்சில் எஞ்சிய செக் நிலமும் ஆக்கிரமிக்கப்பட்டது. ஆறாண்டு நாஜி ஆட்சியின் கொடுமை செக் மக்கள் மனத்தில் பதித்த கோபத்தை யாரும் சிறிதாக்கிக் காட்ட முடியாது. 1945இல் போர் முடிந்ததும், அந்தக் கோபத்தின் விலையை ஜெர்மன் பேசியவர்கள் ஏறத்தாழ அனைவரும் கொடுக்க நேர்ந்தது. குடியுரிமையும் சொத்தும் பறிக்கப்பட்டன. 1946 முடிவதற்குள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர் அல்லது ஓடினர். ஹோலஷோவிட்சேயின் ஜெர்மன் குடிகளும் அவர்களில் அடங்குவர். குற்றம் செய்தவனும் செய்யாதவனும், தொண்டு கிழவரும் கைக்குழந்தையும் ஒரே பட்டியலில் ஏறினார்கள். இது நீதியன்று என்று சொல்வதற்கு நாஜிகளின் குற்றத்தை மறக்க வேண்டியதில்லை.

8. வெறுமை காத்த ஊர்

வெளியேற்றத்தின் பின் மனைகள் பலவும் ஆளின்றி நின்றன. எல்லையை ஒட்டிய ஷுமாவா மலைகளில் இப்படி வெறுமையான ஊர்கள் 1950களில் தரைமட்டமாயின. மேற்குலகை நோக்கிய எல்லைப் பட்டையில் கட்டடங்கள் இருப்பதைக் கம்யூனிச அரசு விரும்பவில்லை. ஹோலஷோவிட்சே உட்பகுதியில் இருந்ததால் அந்த விதியிலிருந்து தப்பியது.

மற்றோர் ஆபத்தும் இருந்தது. 1949 பிப்ரவரியில் வந்த கூட்டுறவுச் சட்டத்தின் பின் செக் நாட்டின் உழவர் நிலங்கள் கூட்டுப் பண்ணைகளில் சேர்க்கப்பட்டன. தனித்தனி வயல்பட்டிகளின் வரப்புகள் உழுது அழிக்கப்பட்டுப் பெருவயல்கள் ஆயின. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஊர்ப்புறத்தார் கையில் சற்றுப் பணம் புழங்கியபோது, பழைய முகப்புகளின் சுதையைக் கொத்திவிட்டு, சிறு சன்னல்களை அகலச் சன்னல்களாக்கி, வளைவு வாயிலை இடித்து இரும்புக் கதவு போடுவது நாடெங்கும் வழக்கமாயிற்று. அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஈரச் சுவரும் இருட்டறையும் யாருக்கும் பெருமை அல்ல. ஹோலஷோவிட்சேயில் அந்த அளவுக்கு மாற்றம் செய்ய ஆளும் இல்லை, முதலீடும் இல்லை. கூரை ஒழுகிற்று, சுண்ணாம்பு உதிர்ந்தது, முற்றத்தில் களை மண்டிற்று. ஆனால் வடிவம் சிதையவில்லை. பேணியதால் அல்ல, தீண்டாமல் விட்டதால் எஞ்சியது என்பதே உண்மை. ஒரு மக்கள் கூட்டத்தின் துயரம்தான் இந்த முகப்புகளைக் காப்பாற்றிற்று என்று எழுதுவது கசப்பானது. ஆவணங்கள் வேறு முடிவுக்கு இடம் தரவில்லை.

1989 நவம்பரில் கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பின், 1990 முதல் வீடுகள் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டுக் குடிகள் பெருகினர். 1995இல் அரசு இவ்வூரைச் சின்னப் பாதுகாப்புக்குரிய கிராமமாக அறிவித்தது. மூன்று ஆண்டுகளில் உலக மரபுப் பட்டியல். மொராவியாவின் க்ரொமெர்ஷீஷ் தோட்டங்களும் மாளிகையும் அதே ஆண்டில் இடம்பெற்றன.

9. இன்றைய நிலையும் செய்ய வேண்டிய பணியும்

இப்போது ஊர் உயிரோடு இருக்கிறது. மனைகளில் குடும்பங்கள் வாழ்கின்றன; சில மனைகளில் உணவகமும் தங்கும் அறைகளும். ஜூலை இறுதியில் கைவினைஞர்களும் பாடகர்களும் கூடும் உழவர் விழா நடைபெறுகிறது. ஊருக்கு வெளியே நெடுங்கற்களை வட்டமாக நட்ட ஓர் அமைப்பு உண்டு, 2008இல் எழுந்தது. தொன்மையானது என்று நம்பிவிடும் பயணிகள் இருப்பதால் அதன் வயதை இங்கே குறிப்பது தேவையாகிறது.

பாதுகாப்பு இதுவரை காட்டிய அக்கறை முகப்பைச் சார்ந்தது. சன்னல் அளவு, ஓட்டின் நிறம், சுதையின் கலவை எல்லாம் விதிகளுக்கு உட்பட்டவை. அவ்வாறே இருக்க வேண்டும். ஆனால் முகப்பின் பின்னே இருந்த பெயர்கள் இன்னும் சுவரோடு சேரவில்லை. அந்தப் பணிக்கு வேண்டிய மூலங்கள் அழியவில்லை. 1770–71இல் மரியா தெரேசா ஆட்சியில் பொஹீமியாவின் எல்லா வீடுகளுக்கும் எண் இடப்பட்டது. அதன்பின் பங்குத் திருச்சபைப் பதிவேடுகள் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் வீட்டு எண்ணோடு எழுதின. 1826க்கும் 1843க்கும் இடையே பொஹீமியா முழுவதற்கும் வரைந்த நில அளவை வரைபடங்கள் ஒவ்வொரு மனையின் எல்லையையும் வண்ணத்தில் காட்டுகின்றன. செங்கல் கட்டடம் ஒரு நிறம், மரக் கட்டடம் வேறு நிறம். த்ரெபோன் நகரிலுள்ள அரசு வட்டார ஆவணக் காப்பகம் தென் பொஹீமியப் பதிவேடுகளை எண்மமாக்கி எவரும் படிக்க வைத்திருக்கிறது. வரைபடத்தையும் பதிவேட்டையும் முகப்பில் எழுதிய ஆண்டையும் மனை மனையாக ஒப்பிட்டால், எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் எந்தச் சுவரை எழுப்பியது, முதியோர் வீட்டுக்கு யார் எப்போது இடம்பெயர்ந்தார், 1946இல் எந்த வாயில் வழியே யார் வெளியேறினார் என்பதைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். வெளியேறியோரின் மக்களும் பேரர்களும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வாழ்கிறார்கள். அவர்களிடம் படங்களும் கடிதங்களும் நினைவுகளும் எஞ்சியிருக்கக்கூடும். முதியவர்கள் இருக்கும்போதே அவற்றைத் திரட்ட வேண்டும். 23 மனைகள்தாம், செக் மொழியும் ஜெர்மன் மொழியும் அறிந்த ஒரு சிறு ஆய்வுக்குழு சில ஆண்டுகளில் முடிக்கக்கூடிய வேலை இது.